காலியாக இருப்பதுதான் அதன் வேலை

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் மாதக் கடைசி சனிக்கிழமை நடக்கும் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் என்னிடம் தலைப்பு கேட்டபோது, "ஒரு சின்ன மண் அணை" என்றேன். "சார், நீங்கள் பேங்க்காரர். வட்டி விகிதம், சீனியர் சிட்டிசன் டெபாசிட் என்று ஏதாவது சொல்வீர்கள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்" என்றார். இதுவும் வரவு செலவுக் கணக்குதான் சார், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். நான் இன்ஜினீயர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். அதனால் இதை ஒரு கிளார்க்கின் பார்வையில்தான் சொல்லப்போகிறேன்.

இந்தத் தலைப்பை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அடுத்த மாதம் ஜெனரல் பாடி கூடுகிறது. அஜெண்டாவில் ஏழாவது ஐட்டம் எல்லோருக்கும் தெரியும். பின்பக்கக் காம்பவுண்டு ஓரம் இருக்கும் பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, பத்து கார் நிறுத்த இடம் எடுப்பது. "வருஷம் முழுக்க சும்மாதானே கிடக்கிறது" என்று வாட்ஸாப்பில் பலரும் எழுதியிருந்தார்கள். அந்த "சும்மா" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. ஆனால் நேராக அங்கே போகாமல், கொஞ்சம் தூரமாக அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் வரை போய்விட்டு வருவோம்.

ஓக்லஹோமாவில் நடந்தது

என் மகள் சில ஆண்டுகள் அந்த மாநிலத்தில் இருந்தாள். நானும் என் மனைவியும் மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வந்தோம். மேற்கே காரில் போகும்போது வழியெல்லாம் மேய்ச்சல் நிலம், கோதுமை வயல். நடுநடுவே புல் மூடிய மேடு ஒன்று, அதன் பின்னால் ஒரு குட்டை. முதலில் நம் ஊர் ஏரிக்கரை மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் கரையின் உயரத்துக்கும் தண்ணீரின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. கரை இரண்டு மாடி உயரம் இருக்கும். தண்ணீரோ அடியில் கொஞ்சம். மழை பொய்த்துவிட்டது போலிருக்கிறது என்று மருமகனிடம் சொன்னேன். "இல்லை மாமா, அது அப்படித்தான் இருக்கணும். அது வெள்ளத்துக்காகக் கட்டினது" என்றார். அதற்குப் பிறகுதான் ஆர்வம் வந்து படிக்க ஆரம்பித்தேன்.

அந்தப் பகுதியில் ஓடும் ஆறு வாஷிடா. செம்மண் பூமி. 1934 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அதன் மேல்பகுதியில் சில மணி நேரத்துக்குள் 14 அங்குலம் வரை மழை கொட்டியது. ஹேமன் என்ற சிறிய ஊரில் 17 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1935 ஏப்ரல் 14 அன்று, அதே சமவெளியில் பகலை இரவாக்கிய புழுதிப் புயல் வீசியது. இன்றைக்கும் அதைக் கறுப்பு ஞாயிறு என்று சொல்கிறார்கள். ஒரு வருடம் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போனது, அடுத்த வருடம் காற்று அள்ளிக்கொண்டு போனது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். புல்வெளியை உழுது மண்ணைத் திறந்து போட்டிருந்தார்கள். பிடித்து வைக்க வேர் இல்லை.

அதே 1935 ஏப்ரலில் அமெரிக்க விவசாயத் துறையின் கீழ் மண் பாதுகாப்புக்கென்று ஒரு தனி அமைப்பு உருவானது. ஹியூ ஹேமண்ட் பென்னட் என்பவர் அதன் தலைவர். அப்போதிருந்து ஒரு விவாதம் பல வருடம் நடந்தது. வெள்ளத்தைத் தடுக்க ஆற்றின் கீழ்ப்பகுதியில் பெரிய அணை கட்டுவதா, அல்லது ஆறு தொடங்கும் சிற்றோடைகளில் சின்னச் சின்னதாகப் பல அணைகள் கட்டுவதா? ராணுவப் பொறியாளர்கள் பெரிய அணைப் பக்கம். விவசாயத் துறை சின்ன அணைப் பக்கம்.

சின்ன அணைக்காகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமான ஒருவர் எல்.எல். மேல்ஸ். எல்லோரும் "ரெட்" மேல்ஸ் என்று கூப்பிடுவார்களாம். ஷையான் என்ற ஊர்க்காரர். அவர் வேலை என்ன தெரியுமா? வங்கிக்காரர்! படித்தபோது எனக்கு ஒரு பெருமை. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமும் இல்லை. விவசாயிக்குக் கடன் கொடுக்கும் வங்கிக்கு அடமானம் எது? நிலம். நிலத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது? மேல் மண்ணில். மேல் மண் ஒவ்வொரு மழைக்கும் ஆற்றோடு போனால், பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கும், சொத்து இருக்காது. கடன் கொடுத்து வசூலிக்கும் எந்த வங்கிக்காரருக்கும் இது தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம்தான்.

1944 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, 11 ஆற்றுப் படுகைகளில் இந்தச் சிற்றோடைத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. அதில் வாஷிடாவும் ஒன்று. 1948 ஜூலையில் கார்டெல் என்ற ஊருக்கு அருகே கிளவுட் ஓடையில் முதல் அணை கட்டி முடிந்தது. அந்த நாட்டிலேயே இந்த வகையில் அதுதான் முதல். பக்கத்திலேயே சாண்ட்ஸ்டோன் ஓடையில், ஒரு ஓடைப் படுகை முழுவதற்கும் சேர்த்து 24 அணைகள் 1950களின் தொடக்கத்தில் முடிந்தன. 1954 ஆகஸ்டில் ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்தபோது நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. இன்று ஓக்லஹோமாவில் மட்டும் 2,107 அணைகள். நாடு முழுவதும் 11,000க்கு மேல். பெரும்பாலானவை ஏதோ ஒரு விவசாயியின் நிலத்தில் நிற்கின்றன.

டோக்கன் முறை

இந்த அணை எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். நம் மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பினால் வழிய ஓவர்ஃப்ளோ குழாய் மேலே இருக்கும், இல்லையா? அந்தக் குழாயை மேலே வைக்காமல், தொட்டியின் அடியிலிருந்து கால் பாகம் உயரத்தில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? தொட்டியில் எப்போதும் கால் பாகம்தான் தண்ணீர் இருக்கும். முக்கால் பாகம் காலி. திடீரென்று மோட்டாரைப் போட்டு வேகமாகத் தண்ணீர் ஏற்றினால், குழாய் வழியே வெளியேறுவதைவிட வேகமாக ஏறும். காலி இடம் நிரம்பும். மோட்டாரை நிறுத்தினதும் குழாய் மெதுவாக வடித்துவிட்டு, மறுபடி கால் பாகத்துக்கு வந்து நிற்கும். அடுத்த தடவைக்குத் தயார்.

அவ்வளவுதான் அந்த அணை. ஓடையின் குறுக்கே மண் கரை. உள்ளே நிமிர்ந்து நிற்கும் ஒரு கான்கிரீட் கூண்டு. அதன் அடியிலிருந்து கரைக்குக் கீழே ஒரு குழாய். கூண்டின் வாய் உயரத்துக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் நான் பார்த்த குட்டை. வாய்க்கு மேலே உள்ள இடம் வெள்ளத்துக்காகக் காத்திருக்கும் காலி இடம். அதற்கும் மேலே வந்துவிட்டால், கரையின் ஒரு பக்கத்தில் புல் வளர்த்த அகலமான வாய்க்கால் ஒன்று இருக்கும். நம் ஏரிகளில் கலங்கல் என்று சொல்வோமே, அதே வேலை. கலங்கல் எதற்கு? தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழியக்கூடாது. மண் கரை மேல் தண்ணீர் வழிந்தால் கரை அறுந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் குழாயில் ஷட்டர் கிடையாது. நடுராத்திரி ஒருவர் குடை பிடித்துக்கொண்டு போய்த் திறக்க வேண்டியதில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குழாயின் அளவுதான் உத்தரவு. வருகிற வெள்ளம் எவ்வளவு ஆனாலும் குழாய் தன் அளவுக்குத்தான் விடும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் மழை என்றால் அது ஏறக்குறைய 1 லட்சத்து 2 ஆயிரத்து 800 லிட்டர். 1,000 ஏக்கர் பரப்பில் 4 அங்குலம் பெய்தால் 41 கோடி லிட்டர். பாதி மண்ணுக்குள் போனது, பாதி ஓடையில் வந்தது என்று வைத்தாலும் 20 கோடி லிட்டர். இது நாலு மணி நேரத்தில் வந்தால் மணிக்கு 5 கோடி லிட்டர். கீழே இருக்கிற பாலம், வயல், வீடு எதுவும் தாங்காது. அதே 20 கோடியைப் பத்து நாளில் விட்டால்? பத்து நாள் என்பது 240 மணி நேரம். மணிக்கு 8 லட்சத்துச் சில்லறை லிட்டர்தான். அறுபதில் ஒரு பங்கு. இந்த அணைகள் வெள்ளத்தை வடிக்கப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் காலம் சில நாட்களிலிருந்து பத்து நாள் வரை.

தண்ணீரின் மொத்த அளவில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை பாருங்கள். நேரம் மட்டும் மாறியது. வங்கியில் ஒன்றாம் தேதி பென்ஷன்காரர்கள் வருவார்கள். ஷட்டர் தூக்கியதும் முந்நூறு பேர் ஒரே கவுண்டரில் மோதினால் கண்ணாடி உடையும். டோக்கன் கொடுத்து உட்கார நாற்காலி போட்டால் அதே முந்நூறு பேர், அதே பணம், அதே காஷியர், சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்த அணை அந்த ஓடைக்கு டோக்கன் கொடுக்கிறது. ஆனால் அதற்குக் காலி நாற்காலி வேண்டும். "எப்போதும் காலியாகத்தானே இருக்கிறது" என்று யாராவது நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஒன்றாம் தேதி தெரியும்.

நம் கிராமத்து ஏரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஏரி நிறைந்திருக்க வேண்டும், நிறைந்தால்தான் விவசாயம். இந்த அணை காலியாக இருக்க வேண்டும், காலியாக இருந்தால்தான் பாதுகாப்பு. இரண்டும் மண் கரைதான். ஆனால் ஒன்றின் லாபம் கண்ணுக்குத் தெரியும். மற்றதன் லாபம் தெரியாது. நடக்காமல் போன வெள்ளத்தை யார் பார்த்திருக்கிறார்கள்?

யார் நிலம், யாருக்கு நன்மை?

இப்போது கொஞ்சம் சங்கடமான பகுதி. அணை கட்டியது மேலே இருக்கிற விவசாயியின் நிலத்தில். வெள்ளம் வந்தால் அவன் மேய்ச்சல் நிலம் பத்து நாள் தண்ணீரில் நிற்கும். நன்மை யாருக்கு? பல மைல் கீழே இருக்கிறவனுக்கு. கட்டுமானச் செலவை மத்திய அரசு ஏற்றது. ஆனால் நில உரிமையை உள்ளூர்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான விவசாயிகள் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பணம் வாங்காமலே எழுதிக் கொடுத்தார்கள்.

ஏன் கொடுத்தார்கள்? மாட்டுக்குக் குட்டைத் தண்ணீர் கிடைத்தது, மீன் பிடிக்கலாம், அது ஒரு காரணம். இன்னொன்று, வந்து கேட்டது அதிகாரி மட்டும் அல்ல. ஒவ்வொரு மாவட்டத்திலும் மண் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று உண்டு. அதில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாத உள்ளூர் ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேட்டால் முடியாது என்று சொல்வது கஷ்டம். நம் கமிட்டிக்காரர்களும் சம்பளம் இல்லாதவர்கள்தான், அவர்களும் கதவைத் தட்டிக் கேட்கிறவர்கள்தான் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

1954 சட்டத்தில் இன்னொரு நல்ல நிபந்தனை இருந்தது. அணைக்கு மேலே உள்ள நிலத்தில் குறைந்தது பாதிக்காவது, மண் அரிப்பைத் தடுக்கும் வேலைகளைச் செய்வதாக நிலக்காரர்கள் ஒப்பந்தம் போட வேண்டும். வரப்பு போடுவது, புல் வளர்ப்பது, சரிவுக்குக் குறுக்கே உழுவது, இதெல்லாம். முதலில் உன் வீட்டுத் தண்ணீரை உன்னால் முடிந்தவரை பிடி, அதன் பிறகு பொதுப் பணத்தில் அணை. மிகவும் நியாயமான நிபந்தனை.

ஐம்பது வருடக் கணக்கு

இனி என் துறைக்கு வருகிறேன். இந்த அணைகளைக் கட்டியபோது ஆயுள் 50 ஆண்டு என்று கணக்கு வைத்தார்கள். ஓடை தண்ணீரோடு வண்டலையும் கொண்டு வரும். 50 ஆண்டில் எவ்வளவு வண்டல் சேரும் என்று மதிப்பிட்டு, அதற்கான இடத்தை அடியில் முன்கூட்டியே ஒதுக்கினார்கள். வங்கி வாராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்வது போல. அருமையான வேலை.

ஆனால் ஒரு ஒதுக்கீடு விட்டுப்போனது. பணத்துக்கு. பி.காம். முதல் வருடத்தில் சின்கிங் ஃபண்ட் என்று ஒரு பாடம் வரும். ஒரு இயந்திரத்தின் ஆயுள் பத்து வருடம் என்றால், ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பணத்தைத் தனியாக எடுத்து வை, பதினோராவது வருடம் கையேந்த வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். அணைகளைக் கட்டியது மத்திய அரசு. பராமரிப்பு உள்ளூர் வாரியத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தம். அந்த வாரியங்களிடம் பெரிய வருமானம் எதுவும் கிடையாது. புல் வெட்டலாம், வேலி போடலாம். 50 வயதான கான்கிரீட் கூண்டையும் அரித்துப்போன இரும்புக் குழாயையும் மாற்றப் பணம்?

முதல் அணைக்கு 1998இல் 50 வயது நிறைந்தது. 2000ஆம் ஆண்டில்தான் இந்த அணைகளைப் புதுப்பிக்க என்று ஒரு சட்டம் வந்தது. செலவில் 65 சதவீதம் வரை மத்திய அரசு, மீதி உள்ளூர். அந்த ஆண்டே ஓக்லஹோமாவில் ஷையான் ஊர்ப் பக்கம் சார்ஜன்ட் மேஜர் ஓடையில் ஒரு அணையைப் புதுப்பித்தார்கள். நாட்டிலேயே முதலில் புதுப்பிக்கப்பட்டது அதுதான். நல்ல விஷயம். ஆனால் 2,107 அணைகளில் பெரும்பாலானவை இன்று 50 வயதைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றாகப் பணம் தேடித்தான் சரி செய்ய வேண்டியிருக்கிறது.

பில்டர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார், லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் நம் தலையில் வருகிறது. இந்தக் கதை உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது!

கரையைக் கெடுப்பவை எவை? பெரிய பூகம்பம் எல்லாம் வேண்டாம். மரம் போதும். கரை மேல் மரம் வளர்ந்தால் நிழலில் புல் சாகும். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, வேர் இருந்த இடம் தண்ணீர் போகும் பாதையாகும். ஓக்லஹோமாவில் சீடார் மரம் தானாகவே முளைத்துப் பரவுகிறது. பிறகு வளை தோண்டும் பிராணிகள். நம் ஊரில் பெருச்சாளி போல அங்கே கோஃபர். பீவர் என்கிற பிராணி குச்சியும் சேறும் கொண்டு வந்து கூண்டின் வாயையே அடைத்துவிடும். மாடு தினமும் ஒரே வழியில் ஏறி இறங்கினால் அந்தத் தடம் மழையில் வாய்க்கால் ஆகும். எல்லாமே சின்ன விஷயம். ஒரு ஆள் வருடத்துக்குச் சில தடவை கரை மேல் நடந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

நடந்து பார்க்கும்போது கவனிக்க ஒரு எளிய விதி உண்டு. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு அளவு கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். மோசடிக் கணக்கும் இப்படித்தான் பிடிபடும். பெரிய தொகையால் மாட்டிக்கொண்டவர்கள் குறைவு. தினமும் சின்னச் சின்னதாக டேலி ஆகாமல் போகும்போது பார்க்கிற கண் வேண்டும்.

வெற்றியால் வந்த ஆபத்து

கடைசியாக ஒரு விஷயம். எனக்கு இதுதான் மிகவும் யோசிக்க வைத்தது.

அணை வந்தது. வெள்ளம் நின்றது. இருபது முப்பது வருடம் ஓடை கரை தாண்டவில்லை. என்ன நடக்கும்? ஓடைப் பக்கத்து நிலம் நல்ல நிலம் ஆகும். மனை போடுவார்கள். வீடு வரும், சாலை வரும். அணை கட்டியபோது கீழே இருந்தது கோதுமை வயல், உடைந்தால் பயிர் போகும் என்று கணக்கிட்டு அதற்கேற்ற அளவில் கட்டினார்கள். இன்று கீழே குடும்பங்கள் தூங்குகின்றன. அணை மாறவில்லை, அணையின் கீழே இருப்பது மாறிவிட்டது.

அமெரிக்காவில் அணைகளை ஆபத்து அளவு வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். "அதிக ஆபத்து" என்றால் அணை பலவீனம் என்று அர்த்தம் இல்லை. உடைந்தால் உயிர் போகும் என்று அர்த்தம். வயலுக்காகக் கட்டிய அணைகள் பல, ஒரு கல்லும் நகராமல், இந்தப் பட்டியலுக்கு ஏறிவிட்டன. அப்படி ஏறினால் கலங்கலை அகலப்படுத்த வேண்டும், கரையை உயர்த்த வேண்டும். அதற்கும் பணம்.

இந்த அணை எல்லா வெள்ளத்தையும் தடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அளவுக்கு மேல் பெய்தால் கலங்கல் ஓடத்தான் செய்யும். பெரிய ஆற்றில் பல மைல் கீழே உள்ள நகரத்துக்கு இதனால் பெரிய பலன் இருக்காது என்று அன்றைக்கே பெரிய அணைக்காரர்கள் சொன்னார்கள். அதிலும் நியாயம் உண்டு. சின்ன அணை சின்ன ஓடைக்கு. ஆனால் 2015 மே மாதம் ஓக்லஹோமாவில் மாநிலச் சராசரியே 14 அங்குலத்தைத் தாண்டியது. அங்கே மழைக் கணக்கு எழுத ஆரம்பித்த 1895இலிருந்து அப்படி ஒரு மாதம் வந்ததில்லை. எப்போதும் சும்மா கிடந்த அந்த இடம் எதற்காக என்று அந்த மாதம் தெரிந்திருக்கும். அதே வருடம் டிசம்பரில் நமக்கு என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பள்ளம்

இப்போது நம் வளாகத்துக்கு வருவோம். மொத்தம் 2 ஏக்கர். 4 அங்குலம் மழை பெய்தால், அதே கணக்குப்படி, 8 லட்சத்து 22 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 68 லாரித் தண்ணீர் நம் காம்பவுண்டுக்குள் விழுகிறது. முக்கால்வாசி இடம் கான்கிரீட்டும் பேவர் பிளாக்கும். மண்ணுக்குள் போக வழி குறைவு.

பள்ளத்தை நானும் பி பிளாக் நண்பரும் டேப் பிடித்து அளந்தோம். நீளம் 65 அடி, அகலம் 40 அடி, சராசரி ஆழம் 3 அடி. 7,800 கன அடி. லிட்டரில் 2 லட்சத்து 20 ஆயிரம். 18 லாரி. விழுகிற மழையில் கால் பங்குக்கு மேல் அங்கே நிற்க முடியும். அதன் ஓரத்தில் ஆறு அங்குலக் குழாய் ஒன்று தெருக் கால்வாய்க்குப் போகிறது. தெருக் கால்வாய் நிரம்பி ஓடும்போது நம் தண்ணீர் அங்கே காத்திருந்து, கால்வாய் இறங்கினதும் மெதுவாகப் போகிறது. ஓக்லஹோமா அணையின் வேலையை நம் பள்ளம் சின்ன அளவில் செய்கிறது.

நிரப்பிவிட்டால் அந்த 18 லாரித் தண்ணீர் எங்கே போகும்? காணாமல் போகாது. அடுத்த தாழ்வான இடத்துக்குப் போகும். நம் வளாகத்தில் அடுத்த தாழ்வான இடம் ஏ பிளாக் தரைத்தளமும் லிஃப்ட் குழியும்.

கார் நிறுத்த இடம் இல்லாதவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். இரண்டாவது கார் வாங்கியவர்கள் இரவில் தெருவில் விட்டுவிட்டுக் கவலையோடு தூங்குகிறார்கள். அந்தத் தேவை நியாயமானது. அதற்கு முன்பக்க விசிட்டர் பார்க்கிங்கைக் கோடு போட்டு மாற்றியமைத்தால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று கமிட்டி பார்க்கலாம். பத்துக்குப் பத்து கிடைக்காது என்றும் தெரியும். ஆனால் மேல் மாடிக்காரர் காருக்காகக் கீழ் வீட்டுக்காரர் கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைக்கும் நிலை வரக்கூடாது. ஓக்லஹோமாவில் மேலே இருந்தவன் கீழே இருந்தவனுக்காக நிலம் கொடுத்தான். நாம் நிலம்கூடக் கொடுக்க வேண்டாம், இருக்கிற பள்ளத்தை விட்டுவைத்தால் போதும்.

ஆகவே ஜெனரல் பாடியில் நான் வைக்கப்போகும் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று, பள்ளத்தை நிரப்பும் தீர்மானத்தைக் கைவிடுங்கள். அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு பலகை எழுதி அங்கே வையுங்கள். பத்து வருடம் கழித்து வரப்போகும் கமிட்டிக்கும் தெரிய வேண்டும்.

இரண்டு, மழைநீர் வடிகாலுக்கென்று தனியாக ஒரு சின்கிங் ஃபண்ட். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். 96 வீடு, 12 மாதம், வருடத்துக்கு 57,600 ரூபாய். பத்து வருடத்தில் வட்டி இல்லாமலே 5 லட்சத்து 76 ஆயிரம். அந்தக் குழாயை மாற்ற வேண்டிய நாள் வரும்போது ஸ்பெஷல் கலெக்‌ஷன் என்று கதவு தட்ட வேண்டியிருக்காது. தனிக் கணக்கு, தனி பாஸ்புக். பெயின்ட் அடிக்கவும் பொங்கல் விழாவுக்கும் அதிலிருந்து எடுக்கக்கூடாது.

மூன்று, செப்டம்பரில் ஒரு தடவை, ஒவ்வொரு பெரிய மழைக்கு அடுத்த நாள் காலை ஒரு தடவை, இரண்டு பேர் போய்ப் பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். குழாய் வாயில் பிளாஸ்டிக் கவர் அடைத்திருக்கிறதா, காம்பவுண்டு ஓரம் பெருச்சாளி வளை இருக்கிறதா, தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வடிந்தது. தேதி போட்டுக் கையெழுத்து. இந்த வேலைக்கு முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். லெட்ஜர் எழுதிப் பழகிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இரண்டாவது பெயருக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலியை மட்டும் தயவுசெய்து நிரப்புங்கள்.